இசைக்கருவியின் மீதுள்ள கையொப்பத்தைக் காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் வில்லி நெல்சன் 1969-இல் வாங்கி, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மேடையில் வாசித்துவரும் மார்ட்டின் என்-20 கிட்டாருக்கு ‘டிரிகர்’ என்று பெயர். அதன் மேற்பலகையில் நண்பர்களும் சக கலைஞர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டிருக்கிறார்கள். அந்த வழக்கம் தொடங்கிய விதம் கையொப்பம் காக்க விரும்பும் எல்லோரும் அறிய வேண்டியது. லியான் ரசல் என்ற இசைக்கலைஞர் தம் கிட்டாரில் கையொப்பமிடும்படி நெல்சனைக் கேட்டார். நெல்சன் மார்க்கர் பேனாவை எடுத்தபோது, அதனால் எழுத வேண்டாம், கீறி எழுதுங்கள், பின்னாளில் அதற்குத்தான் மதிப்பு என்று ரசல் தடுத்தார். அந்த யோசனை பிடித்துப்போய், நெல்சன் தம் கிட்டாரிலும் ரசலையே கையொப்பமிடச் சொன்னார்.

ரசல் சொன்னதில் ஓர் அடிப்படை உண்மை இருக்கிறது. மார்க்கர் மை கருவியின் மேற்பூச்சுக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் மிக மெல்லிய படலம் மட்டுமே. அதற்குப் பிடிமானமும் குறைவு, ஒளியைத் தாங்கும் வலிமையும் குறைவு. ஆனால் எல்லோரும் விருப்பமான கலைஞரிடம் ஆணியைக் கொடுத்துக் கீறச் சொல்ல முடியாது. நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் மையால் எழுதப்பட்ட கையொப்பங்களே. அவற்றைக் காப்பதற்கான வழிகளைக் கிட்டாரை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே எழுதுகிறேன். நான் விடாமல் வலியுறுத்தப்போவது ஒன்றுதான்: பின்னால் மாற்றிக்கொள்ள முடியாத எதையும் கையொப்பத்தின் மீது செய்யாதீர்கள்.

வாசிப்பதா, வைத்திருப்பதா

இந்தக் கேள்விக்கு விடை காணாமல் வேறெதையும் தொடங்கக் கூடாது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கப்போகும் கருவிக்கு எதிரி ஒளி. நாள்தோறும் மடியில் வைத்து வாசிக்கப்போகும் கருவிக்கு எதிரி உங்கள் முழங்கை, வியர்வை, துடைக்கும் துணி. இவ்விரண்டுக்கும் வேண்டிய ஏற்பாடுகள் வேறு வேறு. இரண்டையும் ஒருசேர விரும்புபவர்கள்தான் பெரும்பாலும் கையொப்பத்தை இழக்கிறார்கள். கருவி வாசிப்பதற்கே என்று நீங்கள் கருதினால் அதில் தவறே இல்லை. அப்படியானால், கையொப்பம் உள்ள பகுதியைக் கருவியிலிருந்து பிரிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். அது முடியுமென்றால் வேலை எளிதாகிவிடும். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மேற்பூச்சை அறிந்துகொள்ளுங்கள்

கையொப்பம் மரத்தின் மீது இருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது மரத்தின் மேலுள்ள பூச்சின் மீது இருக்கிறது. அந்தப் பூச்சு எது என்பதைப் பொறுத்தே எல்லாம் மாறும்.

இன்றைய குறைந்த விலை, நடுத்தர விலைக் கிட்டார்களில் பெரும்பாலும் பாலியஸ்டர் அல்லது பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். இது கடினமானது, சாதாரணக் கரைப்பான்களுக்கு மசியாது. அதனால் பூச்சுக்கு ஆபத்து இல்லை. ஆனால் அதே காரணத்தால் மை உள்ளே இறங்காமல் மேலேயே நின்றுவிடும், நகத்தால் சுரண்டினாலும் உரிந்து வரும். கிப்சன் போன்ற நிறுவனங்கள் இன்றும் பயன்படுத்தும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் இதற்கு நேர்மாறானது. அது முழுதாகக் காய்ந்த பின்னும் கரைப்பான் பட்டால் இளகும். எனவே பெயின்ட் மார்க்கரால் எழுதினால் எழுத்து பூச்சுக்குள் சற்றே கடித்து இறங்கும். அதனால் பிடிமானம் கூடும், ஆனால் பின்னர் அதன் மீது எதைப் பூசினாலும் மையும் பூச்சும் சேர்ந்து கலங்கும். ரப்பர், மலிவான வினைல் போன்றவை நெடுநாள் தொட்டுக்கொண்டிருந்தாலும் இந்த லாக்கர் இளகிக் கறைபடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது வகை, உயர்தரக் கிளாசிக்கல் கிட்டார்களிலும் மரபு முறையில் பாலிஷ் போட்ட வீணைகளிலும் காணப்படும் அரக்குப் பூச்சு, அதாவது ஷெல்லாக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொதியால் தேய்த்து ஏற்றும் பிரெஞ்சு பாலிஷ். இது ஆல்கஹாலில் கரையக்கூடியது. சாதாரண மார்க்கர் மையின் கரைப்பானும் ஆல்கஹால் வகையே என்பதால், எழுதும்போதே மை இதற்குள் இறங்கிவிடும். மையை மட்டும் தொட்டு, பூச்சைத் தொடாமல் செய்யக்கூடிய வேலை எதுவும் இங்கே இல்லை.

உங்கள் கருவியின் பூச்சு எது என்பதை அதன் மாதிரிப் பெயரையும் தயாரித்த ஆண்டையும் கொண்டு நிறுவனத்தின் விவரக்குறிப்பில் பார்ப்பதே சிறந்த வழி. அது முடியாதபோது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், எடுத்துக்காட்டாகப் பின்பக்க மூடிக்கு அடியிலுள்ள விளிம்பில், ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியின் நுனியை ஒரே ஒரு முறை வைத்தெடுத்துப் பார்க்கலாம். பிசுபிசுப்புத் தட்டினால் அரக்கு என்று கொள்ளலாம். கையொப்பத்தின் அருகே இந்தச் சோதனையை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

மையை அறிந்துகொள்ளுங்கள்

கையொப்பம் வாங்கப் பெரும்பாலோர் கொண்டுபோவது 1964-இல் சந்தைக்கு வந்த ஷார்ப்பி போன்ற மார்க்கர்தான். ‘பெர்மனென்ட்’ என்று அதன் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து, காலத்துக்கும் நிற்கும் என்று நம்பிவிடுகிறோம். தண்ணீரில் அழியாது என்பதே அந்தச் சொல்லின் பொருள், ஒளியில் மங்காது என்பதன்று. இந்த மையில் நிறம் தருவது கரைப்பானில் கரையும் சாயம். சாயத்தின் மூலக்கூறுகளை ஒளி உடைக்கும்போது நிறம் போய்விடும். கறுப்பு மை பல சாயங்களின் கலவை. அவை ஒரே வேகத்தில் மங்குவதில்லை. அதனால்தான் வெயில் பட்ட கறுப்புக் கையொப்பம் வெளிறுவதற்கு முன் பழுப்பாகவோ ஊதாவாகவோ மாறுகிறது. உங்கள் கையொப்பத்தின் ஓரங்களில் அந்த ஊதாச் சாயல் தெரிந்தால், மங்கல் தொடங்கிவிட்டது என்று பொருள்.

பெயின்ட் மார்க்கரில் இருப்பது வேறு. அதிலுள்ளவை கரையாத நிறமித் துகள்கள், அவற்றைப் பிடித்துவைக்கும் ஒரு பிசின், காயும்வரை உதவும் ஒரு கரைப்பான். வெள்ளை, வெள்ளி, பொன் நிறங்களில் கறுப்புக் கிட்டார்களின் மீது எழுதப்படுவது இதுவே. நிறமி என்பதால் ஒளியைப் பெரிதும் தாங்கும். பொன் நிறத்தில் செம்பு கலந்த உலோகத் துகள் சேர்ந்திருந்தால் மட்டும் காலப்போக்கில் கறுக்கக்கூடும். இதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. படலம் தடிமனானது, ஆகவே வழவழப்பான பூச்சின் மீது அடி பட்டால் செதிலாகப் பெயரும்.

எந்த மை என்று பூதக்கண்ணாடியால் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிறம் அடர்ந்து, அடியிலுள்ள பரப்பு ஊடாகத் தெரிந்தால் சாய மை. பக்கவாட்டில் விளக்கு அடிக்கும்போது எழுத்து மேடாக நின்று அடிப்பரப்பை முழுதும் மறைத்தால் பெயின்ட்.

இனிமேல்தான் கையொப்பம் வாங்கப்போகிறீர்கள் என்றால்

உங்களுக்குப் பெரிய வாய்ப்பு இருக்கிறது, ஏனென்றால் பின்னால் செய்யும் எந்தப் பாதுகாப்பும் முதலிலேயே சரியாக எழுதி வாங்குவதற்கு ஈடாகாது. நியூயார்க்கின் இரிடியம் அரங்கில் தம் இறுதி ஆண்டுகள் வரை திங்கட்கிழமைதோறும் வாசித்துவந்த அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் (1915–2009), நிகழ்ச்சி முடிந்தபின் ரசிகர்கள் கொண்டுவந்த கிட்டார்களில் கையொப்பமிட்டுக் கொடுப்பார். அவர் பெயரிலேயே வெளிவந்த கிட்டாரின் பிக்கார்டைக் (தந்தியை மீட்டும் ‘பிக்’ என்னும் சிறு துண்டு உடலில் உரசாமல் காக்கும் தகடு) கழற்றுவது எளிது என்பதால், கையொப்பத்தை அதில் வாங்கியவர்களுக்குப் பிற்பாடு கவலை குறைவு. நீங்களும் முடிந்தவரை கழற்றக்கூடிய பகுதியிலேயே வாங்குங்கள். பிக்கார்டு, பின்பக்க மூடி, கழுத்தின் தலைப்பகுதியில் இருக்கும் சிறு மூடி ஆகியவை பொருத்தமானவை. உடலின் மீதுதான் வேண்டுமென்றால், முழங்கை படும் மேல் வளைவையும் பிக் உரசும் பகுதியையும் விட்டுவிட்டு, தந்திகளைத் தாங்கும் பாலத்துக்குப் பின்னாலுள்ள கீழ்ப்பகுதியைக் காட்டுங்கள்.

முந்தைய நாளே அந்தப் பரப்பைச் சுத்தம் செய்ய வேண்டும். கிட்டார் பாலிஷ்களில் சிலிக்கோனும் மெழுகும் இருக்கும். அவற்றின் மேல் எழுதிய மை கருவியைப் பிடிக்காமல் பாலிஷைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மென்துணியில் ஒரு சொட்டு மிதமான சோப்புத் திரவம் விட்டு மெல்லத் துடைத்து, மறுபடி வெறும் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். அதன்பின் அந்த இடத்தைக் கையால் தொட வேண்டாம்.

பெயின்ட் மார்க்கரைக் குலுக்கி, நுனியைக் காகிதத்தில் அழுத்தி, மை சீராக இறங்குகிறதா என்று பார்த்த பிறகே கலைஞரின் கையில் கொடுங்கள். இரண்டு பேனாக்கள் கொண்டுபோவது நல்லது. கருவியைக் கிடைநிலையில் அசையாமல் பிடித்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. எழுதி முடித்ததும் மகிழ்ச்சியில் உடனே உறைக்குள் போட்டு மூடுவதுதான் மிகப் பொதுவான தவறு. பஞ்சு வைத்த உறையின் உட்புறம் ஈர மையைத் தொட்டால் அங்கேயே எல்லாம் முடிந்துவிடும். குறைந்தது அரை மணி நேரம் திறந்தபடி வைத்திருங்கள். அதற்கு வழியில்லை என்றால், எழுத்தைத் தொடாமல் வளைந்து நிற்கும்படி ஓர் அட்டையை வைத்து மூடி எடுத்துச் செல்லுங்கள். தொட்டால் ஒட்டாது என்பதும் முழுதாகக் காய்ந்தது என்பதும் ஒன்றல்ல. பெயின்ட் படலம் இறுகச் சில நாட்கள் ஆகும், அதுவரை யாரும் அதைத் தொட வேண்டாம்.

அன்றே படம் எடுத்து வையுங்கள்

கையொப்பம் எழுதப்படும் தருணத்தின் படம், நுழைவுச்சீட்டு, நாளும் இடமும் எழுதிய குறிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் பிற்காலத்தில் அது உண்மையானது என்று நிறுவ முடியும். கருவியின் வரிசை எண் தெரியும்படி ஒரு படம், கையொப்பத்துக்கு நேர் மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டு ஒளியில் மை மேடு தெரியும்படி ஒரு படம் என எடுத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதே ஒளியில் மறுபடி எடுத்து ஒப்பிட்டால், கண்ணுக்குப் பழகிப்போனதால் நாம் கவனிக்கத் தவறும் மங்கல் அப்போது தெரியும்.

மேலே ஏதாவது பூசலாமா

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ‘கிளியர் கோட்’ ஸ்பிரே ஒன்றை வாங்கி மேலே அடித்துவிட்டால் நிரந்தரமாக இருக்குமே என்ற எண்ணம் இயல்பானது. என் தீர்ப்பு: அடிக்காதீர்கள். காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

ஸ்பிரே லாக்கரில் உள்ள கரைப்பான்கள் சாய மையைக் கரைக்கும் வகையைச் சேர்ந்தவை. முதல் பூச்சு சற்றே ஈரமாக விழுந்தால் போதும், எழுத்தின் ஓரங்கள் இறகுபோலப் பரவும். ஒரு முறை பரவியதைத் திருப்ப வழியே கிடையாது. பாலியஸ்டர் பூச்சின் மீது புதிய லாக்கர் சரியாக ஒட்டாது. ஒட்ட வைக்க வேண்டுமென்றால் பரப்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், கையொப்பம் உள்ள இடத்தில் அதை எப்படிச் செய்வது? அத்துடன், சில ஆண்டுகளில் லாக்கர் மஞ்சளித்தால் கையொப்பமும் அதற்கடியில் சிறைப்பட்டுவிடும். லாக்கரை எடுத்தால் எழுத்தும் போய்விடும். வாங்க விரும்புபவரும், மேலே பூச்சு இருப்பதால், எழுத்து அசலா அச்சா என்று ஐயப்படுவார்.

இதையெல்லாம் அறிந்தும், மேடையில் தொடர்ந்து வாசிக்க வேண்டிய கருவி என்பதால் பூசியே ஆக வேண்டும் என்ற நிலை சிலருக்கு வரலாம். அவர்கள் அதே வகைப் பேனாவால், அதே பூச்சு வகை உள்ள பழைய பலகையிலோ பிக்கார்டிலோ எழுதி, இரண்டு வாரம் காயவிட்டு, அதன் மீது ஒத்திகை பார்க்கட்டும். ஓர் அடிக்கும் மேலான தொலைவிலிருந்து, பரப்பு நனையாமல் தூசிபோல விழும்படி அடித்து, ஒவ்வொரு முறையும் நன்றாகக் காயவிட்டு, பல மெல்லிய அடுக்குகளாக ஏற்ற வேண்டும். ஒத்திகை மூன்று முறை தொடர்ந்து பிசகாமல் வந்த பிறகும், உண்மையான கருவியைப் பூச்சு வேலையில் தேர்ந்த ஒருவரிடம் கொடுப்பதே நல்லது.

பூச்சுக்கும் வெறுமனே விடுவதற்கும் நடுவில் ஒரு வழி உண்டு. 1950-களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டு, இன்றும் காப்பாளர்கள் பயன்படுத்தும் ‘ரினைசான்ஸ் வாக்ஸ்’ என்னும் நுண்படிக மெழுகு அது. மெல்லிய படலமாக நின்று ஈரத்தையும் விரல் எண்ணெயையும் தடுக்கும், தேவைப்பட்டால் பின்னர் நீக்கவும் முடியும். ஆனால் அதில் வெள்ளை ஸ்பிரிட் கரைப்பான் இருக்கிறது. எண்ணெய் அடிப்படையிலான பெயின்ட் மார்க்கர் முழுதாக இறுகாத நிலையில் அது எழுத்தை இளக்கலாம். துணியால் தேய்க்கும் உராய்வு மட்டுமே சாய மையின் ஒரு பகுதியை எடுத்துவிடவும் கூடும். அதனால் இதையும் முதலில் ஒத்திகைப் பலகையில் பார்க்க வேண்டும். துணியில் சிறிதளவு நிறம் ஏறினாலும் மெழுகுத் திட்டத்தைக் கைவிட்டு, எழுத்தைச் சுற்றியுள்ள பரப்புக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். மெழுகு ஒளியைத் தடுக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைப் பூசிவிட்டோம் என்ற தைரியத்தில் கருவியைச் சன்னலருகே மாட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

செல்லோ டேப், ஒட்டும் பிளாஸ்டிக் தாள், கைபேசித் திரைக்கு ஒட்டும் படலம் ஆகிய எதையும் எழுத்தின் மேல் ஒட்டக் கூடாது. ஒட்டும்போது ஒன்றும் ஆகாது, எடுக்கும்போது எழுத்தும் சேர்ந்து வரும்.

வாசிக்கும் கருவியில் செய்ய வேண்டியவை

பிக்கார்டில் கையொப்பம் இருந்தால், அதைக் கழற்றிச் சட்டமிட்டு, அதே அளவில் புதிய பிக்கார்டைக் கிட்டாரில் பொருத்திவிடுங்கள். நான் அறிந்த வழிகளில் இதுவே மிகச் சிறந்தது. லெஸ் பால் வகைக் கிட்டாரில் பிக்கார்டு ஒரு திருகாலும் பக்கவாட்டுத் தாங்கி ஒன்றாலும் நிற்கிறது. ஐந்து நிமிட வேலை. ஸ்ட்ராடோகாஸ்டர் வகையில் நிலைமை வேறு. தந்திகளைக் கழற்றி, இன்றைய மாதிரிகளில் உள்ள 11 திருகுகளையும் எடுத்த பிறகும், பிக்கப்புகளும் (தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பாகங்கள்) குமிழ்களும் பிக்கார்டிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் அவற்றைப் புதியதற்கு மாற்ற வேண்டும், உடலோடு இணையும் கம்பிகளுக்குச் சால்டரிங்கும் தேவை. அந்த வேலையின்போது சூடான ஈயத்துளி எழுத்தின் மேல் தெறிக்காமல் இருக்க, தடித்த அட்டையால் அதை மூடிவையுங்கள். அக்கூஸ்டிக் கிட்டாரின் பிக்கார்டு ஒட்டப்பட்டது. அதைப் பெயர்க்க முயன்றால் வளைந்தோ உடைந்தோ போகும், மேற்பலகையின் மரநாரும் கூடவே வரலாம். அதை விட்டுவிடுங்கள்.

கையொப்பம் உடலின் மீது இருந்தால், தெளிவான பாலியஸ்டர் தாளை எழுத்தைவிடப் பெரிதாக வெட்டி, அதன் ஓரங்களை மட்டும், எழுத்திலிருந்து குறைந்தது இரண்டு அங்குலம் தள்ளி, வாசிக்கும் நேரத்துக்கு மட்டும் ஒட்டி நிறுத்திவைக்கலாம். முழுக்கைச் சட்டை அணிந்து வாசிப்பது தோலின் வியர்வையைத் தடுக்கும், பெல்ட்டின் உலோகப் பூட்டு பின்பக்க எழுத்தைக் கீறாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

துடைப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். எழுத்தின் மேல் படியும் தூசிக்கு, ஓவியர்கள் பயன்படுத்தும் மென்மையான தட்டைத் தூரிகை போதும். பாலிஷ், எலுமிச்சை எண்ணெய், கண்ணாடி துடைக்கும் திரவம், ஸ்பிரிட் எதுவும் எழுத்தின் அருகே வரக் கூடாது. கைகளில் தடவும் சானிடைசரில் பெரும்பங்கு ஆல்கஹால்தான். என் கிட்டாரில் இருந்த ஒரு கையொப்பத்தின் கடைசி எழுத்தை, சானிடைசர் காயாத விரலால் நானே இழுத்து அழித்துவிட்டேன். ஒரு நொடியில் நடந்துவிட்டது. அன்றிலிருந்து கருவியைத் தொடும் எவரையும் முதலில் கையைக் கழுவி உலர்த்திவிட்டு வரச் சொல்கிறேன், விருந்தினராக இருந்தாலும்.

ஒளி

வைத்திருப்பதற்கான கருவிக்கு இதுவே தலையாய பகுதி. ஒளியால் வரும் சேதம் கூடிக்கொண்டே போகும், இடையில் இருட்டில் வைத்து ஓய்வு கொடுத்தால் குறைந்துவிடாது. எளிதில் மங்கும் பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் வழக்கமான அளவு 50 லக்ஸ் (பரப்பின் மீது விழும் ஒளியை அளக்கும் அலகு). அந்த ஒளியில் நாளுக்கு 8 மணி நேரம் என ஆண்டு முழுதும் காட்சிக்கு வைத்தால் மொத்தம் 1,46,000 லக்ஸ்-மணி ஆகிறது. உச்சி வெயிலின் நேரடி ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அதாவது, அருங்காட்சியகம் ஓராண்டு முழுதும் கொடுக்கும் ஒளியை, வெயிலில் ஒன்றரை மணி நேரத்தில் கொடுத்துவிடுகிறோம். வெயிலில் புற ஊதாக் கதிரும் சேர்ந்திருப்பதால் உண்மையான சேதம் அதைவிடக் கூடுதல்.

ஆகவே மாட்டும் சுவரை முதலில் தேர்ந்தெடுங்கள். காலையிலோ மாலையிலோ சில நிமிடங்களாவது நேரடி வெயில் விழும் சுவர் கூடாது. அறையில் நாள் முழுதும் நின்று, எந்த மணி நேரத்தில் எங்கே வெயில் விழுகிறது என்று பருவத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்வது வீண் வேலையன்று. தையில் நிழலாக இருந்த சுவரில் சித்திரையில் வெயில் விழலாம். புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக் முகப்புள்ள பெட்டி நல்லது, ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சாயத்தை மங்கச் செய்யும் என்பதால் அது மட்டும் போதாது. விளக்குக்குச் சூடு குறைந்த எல்.இ.டி. போதும், அதையும் பார்க்கும் நேரத்தில் மட்டும் போடுங்கள். அக்ரிலிக் முகப்பு எழுத்தைத் தொடக் கூடாது, இடைவெளி இருக்க வேண்டும். சாய மைக் கையொப்பம் என்றால், நல்ல அச்சுப்படி ஒன்றை எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டு, அசலைப் பெட்டிக்குள் இருட்டில் வைத்து, வேண்டியபோது திறந்து பார்ப்பதே என் பரிந்துரை.

ஈரமும் வெப்பமும்

கிட்டாரின் மரத்துக்கு ஏற்ற காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு. சென்னை போன்ற கடலோர ஊர்களில் அது பெரும்பாலான மாதங்களில் எழுபதைத் தாண்டும். மரம் ஊதிச் சுருங்கும்போது பூச்சில் நுண்விரிசல் விழும், அதன் மேலிருக்கும் பெயின்ட் படலமும் வெடிக்கும். கருவிப் பெட்டிக்குள் சிறிய ஈரப்பதமானி ஒன்றும், ஈரத்தை உறிஞ்சவும் வெளிவிடவும் கூடிய பொட்டலங்களும் வைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். சிலிக்கா ஜெல் ஈரத்தை உறிஞ்ச மட்டுமே செய்யும் என்பதால், அளவு மிகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் துணிக்கும் புத்தகத்துக்கும் போடுவதுபோலக் கருவிப் பெட்டிக்குள்ளும் பாச்சை உருண்டை போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். நாப்தலின் ஆவி மூடிய பெட்டிக்குள் தங்கி, சில பிளாஸ்டிக்குகளையும் பிசின்களையும் இளக்கும். கையொப்பமும் பிக்கார்டும் அந்த வகைப் பொருள்களால் ஆனவையே. வெயிலில் நிறுத்திய காருக்குள் கருவியை விட்டுச் செல்வதும் அதே அளவுக்குத் தீங்கானது.

முரசு, மிருதங்கம், வீணை

மேற்கத்திய டிரம்மின் தோல் 1950-களின் பிற்பகுதியிலிருந்து பெரும்பாலும் பாலியஸ்டர் படலம்தான். தெளிவான வழவழப்பான தோலில் மார்க்கர் மை துடைத்தாலே போய்விடும். வெள்ளைப் பூச்சுள்ள சொரசொரப்பான தோலே கையொப்பத்துக்கு ஏற்றது. தோலை மட்டும் தனியாகக் கொண்டுபோய்க் கையொப்பம் வாங்கிச் சட்டமிடுவது எளிது, ஒருபோதும் அதை வாசிக்காதீர்கள்.

மிருதங்கத்தில் தோலின் மீது கையொப்பம் வாங்கவே வேண்டாம். விலங்குத் தோல் மையை உறிஞ்சிப் பரப்பிவிடும், மேலும் வலப்பக்கத் தோலான வலந்தலையும் இடப்பக்கத் தோலான தொப்பியும் தேய்ந்ததும் மாற்றப்படுபவை. பலாமரக் கட்டையில், வார்களுக்கு இடையே தெரியும் பகுதி சிறியதுதான் என்றாலும், அங்கே எழுதுவதே நிலைக்கும். அதிலும் வார்களை இழுத்துக் கட்டும்போது உரசாத இடமாகப் பார்த்துக் காட்டுங்கள். வீணையில் குடத்தின் பின்பக்கம் மடியில் உரசும், அதனால் நீண்ட கழுத்தான தண்டிக்குப் பக்கவாட்டில் வாங்குவது மேல். வீணைக்கு மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் பதித்துச் சரிசெய்யக் கொடுக்கும்போதுதான் உண்மையான ஆபத்து வரும். மெழுகைச் சூடாக்கி வேலை செய்த பிறகு, கருவியைப் பளபளப்பாக்கித் தர வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் கைவினைஞர் மறுபடி ஸ்பிரிட் பாலிஷ் போட்டுவிடுவார். அந்த ஒரு துடைப்பில் கையொப்பம் துணியோடு போய்விடும்.

ஏற்கெனவே மங்கிவிட்டால்

மங்கிய எழுத்தின் மேல் அதே பேனாவால் மறுபடி எழுதக் கூடாது. வேறொருவர் கோட்டின் மேல் கோடு வைத்தவுடன் அது அந்தக் கலைஞரின் கையொப்பமாக இருப்பது நின்றுவிடுகிறது. அதன் மதிப்பும் போய்விடும். உண்மைத்தன்மை சோதிப்பவர் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார். எழுத்துகள் எப்படி இருந்தன என்பதை அறிய வேண்டுமென்றால், பக்கவாட்டு ஒளியிலும், சில நொடிகள் மட்டும் புற ஊதா விளக்கின் ஒளியிலும் படமெடுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கோடுகள் சில நேரம் படத்தில் தெரியும். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு வைத்துக்கொள்ளலாம். அசலை அப்படியே இருட்டில் விட்டுவிடுங்கள். செதில் செதிலாகப் பெயரத் தொடங்கிய பெயின்ட் எழுத்தை மட்டும் நாம் தொடக் கூடாது. அதை ஒட்டி நிறுத்துவது பயிற்சி பெற்ற அருங்காட்சியகக் காப்பாளரின் வேலை.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது

பெரும்பாலான கையொப்பங்கள் வீட்டில் அழிவதைவிடப் பட்டறையில்தான் அழிகின்றன என்பது என் அனுபவம். அங்கே வேலை செய்பவருக்கு நல்ல தந்தி ஒலியும் பளபளப்பும்தான் குறி, எழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. கருவியைக் கொடுக்கும் முன் படமெடுங்கள். ‘கையொப்பம் உள்ளது, துடைக்கவோ பாலிஷ் போடவோ டேப் ஒட்டவோ கூடாது’ என்று தமிழில் பெரிதாக எழுதிய அட்டையைக் கழுத்தில் நூலால் கட்டுங்கள். பாலியஸ்டர் தாளை எழுத்தின் மேல் வைத்து, எழுத்தைத் தொடாத இடத்தில் அகலமான காகிதப் பட்டையைக் கருவியின் உடலைச் சுற்றிக் கட்டி அதை நிறுத்துங்கள். கூடியவரை நேரில் இருந்து, வேலை செய்பவரிடம் அதைக் கையால் காட்டிச் சொல்லுங்கள். திரும்பப் பெறும்போது பட்டையைக் கடையிலேயே பிரித்து, எழுத்தைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.